படிகாரம் இல்லாமல் நிறமில்லை

சென்ற வாரம் மெழுகுக் கட்டியில் பதித்த திசுவை மைக்ரோடோமில் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றியதோடு நிறுத்தினோம். நான்கு மைக்ரான் தடிமன்தான் இருக்கும் அந்தச் சீவலை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் ஏறக்குறைய வெறும் கண்ணாடிதான் தெரியும். உட்கரு பெருத்திருக்கிறதா, கோணலாக இருக்கிறதா, பிளந்துகொண்டிருக்கிறதா? புற்றுநோய் என்று சொல்ல இவைதான் முக்கியத் தடயங்கள். அவற்றைப் பார்க்கச் சாயம் வேண்டும்.

காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டைத் தறிக்காரர்களுக்குச் சாயம் புதிதல்ல. காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில், புற்றுநோயால் 1969இல் மறைந்த அண்ணாவின் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பட்டறைச் சாயமும் திசு ஆய்வகச் சாயமும் ஒரே குடும்பம் என்றால் இந்த ஊர்க்காரர்களாவது நம்புவார்கள்.

மெக்சிகோவின் கம்பேச்சே பகுதி மரமொன்றின் வைரக்கட்டையிலிருந்து எடுப்பது, உட்கருவைக் காட்ட உதவும் ஹெமடாக்சிலின். ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது துணிக்காகத்தான். நிறம் நிற்கவில்லை என்று இங்கிலாந்து 1581இல் அதற்குத் தடை போட்டது, 1662இல் விலக்கிக்கொண்டது. பின்னாளில் இரும்பு உப்போடு சேர்த்துப் பட்டைக் கறுப்பாக்கினார்கள். 1865இல் போமர் என்ற ஜெர்மானியர் படிகாரத்தைச் சேர்த்துத் திசுவில் பயன்படுத்தினார்.

இதில் ஒரு வேடிக்கை: ஹெமடாக்சிலின் சாயமே அல்ல. ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹெமட்டீன் ஆனால்தான் நிறம். அதுவும் தனியாக உட்கருவில் சரியாக ஒட்டாது. படிகாரத்திலுள்ள அலுமினியம் அதோடு இணைந்து நேர்மின்னேற்றம் தர, டிஎன்ஏவின் எதிர்மின் பாஸ்பேட்டுகள் பிடித்துக்கொள்கின்றன.

ஏர்லிச் 1886இல் சொன்ன கலவை ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுக்க, வெயிலில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும். ஹாரிஸ் 1900இல் பாதரச ஆக்சைடைப் போட்டு உடனே பழுக்க வைத்தார். வேகம் சரி, ஆனால் கழிவுநீரில் பாதரசம்! மேயரின் சோடியம் அயோடேட் எவ்வளவோ மேல். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் ஹெமடாக்சிலின், 50 கிராம் பொட்டாஷ் படிகாரம், 0.2 கிராம் அயோடேட். பிறகு 1 கிராம் சிட்ரிக் அமிலமும் 50 கிராம் குளோரல் ஹைட்ரேட்டும். அயோடேட்டை அள்ளிப் போட்டால் ஹெமட்டீனும் சிதைந்து கரைசல் பழுப்பாகிவிடும்.

ஹாரிஸ் கலவையில் சில்லை ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் எல்லாமே அடர்நிறமாகிவிடும். ஒரு சதவீத அமில ஆல்கஹாலில் சில விநாடி முக்கினால் உட்கருவைத் தவிர மற்றவை வெளுக்கும். அசட்டையாக நின்றால் உட்கருவின் நிறமும் போய்விடும். அமிலத்திலிருந்து எடுத்ததும் உட்கருவின் நிறம் சிவப்பாகவே இருக்கும். சற்றே காரத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீரில் அலசினால் நீலமாகும். தண்ணீர் சரியில்லையென்றால் ஆப்ப சோடாவும் மெக்னீசியம் சல்பேட்டும் கரைத்த நீர் போதும்.

கரைசல் பழசாகிவிட்டதா என்று பார்க்க, குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். உடனே ஊதா நீலமாகப் பரவினால் நல்லது. செம்பழுப்பாகவே நின்றால் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.

சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாக்கும் ஈயோசின் அடுத்த வாரம்.