முள்ளுக்கு ஒரு டயர், கல்லுக்கு ஒரு டயர்

நெருஞ்சிக் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீள முட்கள், இரண்டு குட்டை முட்கள். தரையில் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். குளம்பிலோ பாதத்திலோ ஏறிக்கொண்டு வேறு இடம் போய் முளைப்பதற்காக அந்தச் செடிக்கு வாய்த்த வடிவம் அது. சைக்கிள் டயரும் அதற்கு இன்னொரு பாதம்தான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் வரை பரவி, அங்கும் சைக்கிள்காரர்களின் முதல் எதிரியாகப் பெயரெடுத்திருக்கிறது நம் நெருஞ்சி.

செகந்தராபாத்துக்கு வடக்கே, திருமலகிரியைத் தாண்டி, அல்வாலை ஒட்டியிருக்கும் லோத்குண்டாவில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு நெருஞ்சி மட்டுமே தொல்லை என்று சொல்ல முடியாது. வீட்டை விட்டு இறங்கினால் ராஜீவ் ரஹதாரி. கரீம்நகர் போகும் லாரிகளும் பஸ்களும் ஓடும் நெடுஞ்சாலை. அதிலேயே வடக்கே ஷாமீர்பேட்டை ஏரிப் பக்கம் போய்த் தாரை விட்டு இறங்கினால் மண் தடம், சரளை, சீமைக் கருவேலம். நகரத்தின் மறுகோடியில், நானக்ராம்குடாவை ஒட்டி வெளிவட்டச் சாலையோரம் 2023 அக்டோபரில் திறந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்குச் சூரியத் தகடுகளால் கூரையே போட்டிருக்கிறார்கள். அங்கே எந்த டயரும் ஓடும். லோத்குண்டாவில் டயரை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பஞ்சர் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, ஓட்டை விழும் விதங்கள் பல. முள் குத்துவது ஒன்று. கூரான கல்லோ கண்ணாடிச் சில்லோ கீறி உள்ளே இறங்குவது இன்னொன்று. இந்த ஊர்க் கல் சாதாரணக் கல் இல்லை. ஹைதராபாத் நிற்பது சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல் பாறையின் மேல். வெயிலிலும் மழையிலும் அந்தப் பாறை சிதையும்போது அதிலிருக்கும் ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் கரையாமல் பருக்கை பருக்கையாக மிஞ்சும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடியையே கீறிவிடும். சாலையோரச் சரளையில் கிடப்பதெல்லாம் இந்தப் பருக்கைதான்.

நெடுஞ்சாலையில் கண்ணுக்கே தெரியாத ஓர் எதிரி உண்டு. லாரிகளின் ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிகள் இருக்கின்றன. டயர் வெடித்துக் கிழியும்போது அவை முடி போன்ற துணுக்குகளாகச் சாலையில் சிதறும். சைக்கிள் டயரில் ஏறும் துணுக்கு முதல் சுற்றிலேயே ட்யூபைத் தொடுவதில்லை. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, ஏறிய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் காற்றை இறக்கும். பஞ்சர் ஒட்டி முடித்த மறுநாளே மீண்டும் காற்று இறங்கினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். டயரின் உட்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தால் நார் சிக்கும் இடத்தில் அது அகப்படும்.

மழைக்காலத்தில் பஞ்சர் கூடுவதற்கும் காரணம் உண்டு. ஒரு பழைய ட்யூபைப் பிளேடால் உலர்ந்தபடி ஒருமுறை, நனைத்து ஒருமுறை அறுத்துப் பாருங்கள். நனைந்த ரப்பரில் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். அங்கே தண்ணீர் எண்ணெயின் வேலையைச் செய்கிறது. போதாததற்கு, ஈர டயரில் சில்லுகள் ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சாலையில் அழுந்துகின்றன.

இப்போது டயருக்குள் இருக்கும் காப்புப் பட்டைக்கு வருவோம். கடையில் ‘கெவ்லர்’ என்று அச்சிட்டிருந்தால் நம்பிக்கை பிறக்கிறது. டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெஃபனி க்வோலக் 1965-ல் கண்டறிந்த இழை அது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை. இதற்கு உறவான வெக்ட்ரான் என்ற இழையில் செய்த காற்றுப் பைகள்தான் 1997-ல் பாத்ஃபைண்டர் விண்கலத்தைச் செவ்வாயின் பாறைகள் மேல் குதிக்க வைத்துக் காப்பாற்றின. அதே வெக்ட்ரானை ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் தன் பந்தய டயர்களில் பட்டையாக வைக்கிறது. கண்ணாடியும் குவார்ட்ஸும் கீறுவதை இந்த இழைகள் அருமையாகத் தாங்கும். ஆனால் முள் இழையை அறுப்பதே இல்லை. இரண்டு இழைகளுக்கு இடையே விலக்கிக்கொண்டு நுழைகிறது. அங்கே வலிமை உதவாது, தடிமன்தான் உதவும். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் இருப்பது 5 மில்லிமீட்டர் தடித்த, மீள்தன்மையுள்ள ரப்பர் பட்டை. அதற்கு மேல் ஓடும் ரப்பரும் இருக்கிறது. இத்தனையும் கடந்து நெருஞ்சி ட்யூபைத் தொடுவது அரிது. சீமைக் கருவேலத்தின் முழு நீள முள் நேராக ஏறினால் மட்டும் எந்தப் பட்டையும் உத்தரவாதம் தராது.

தடிமனுக்கு விலை உண்டு. இந்த வகை டயர் ஒன்றே ஒரு கிலோவை நெருங்கும். பந்தய டயர் கால் கிலோதான். எடையைவிடப் பெரிய விஷயம், சுற்றுக்குச் சுற்று தடித்த ரப்பர் வளைந்து நிமிரும்போது மிதிக்கும் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுவது. அதனால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் தேவையில்லை என்பது என் எண்ணம். பஞ்சர் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான். எடை அதிகம் அங்கேதான். படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி நிமிர்த்திப் பின்சக்கரத்துக்குக் கொடுப்பதும் உண்டு. தடித்த டயர் பின்னால் இருக்கட்டும். முன்னால் சற்று இலேசான, பிடிப்புள்ள டயர் போதும்.

இன்னொரு பஞ்சர் இருக்கிறது, எந்தப் பட்டையாலும் தடுக்க முடியாதது. காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும். சரி, காற்றை இறுக அடித்துவிட்டால்? பின்சக்கரத்தில் 54 கிலோ எடை, காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 18 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 6 கிலோ ஆக்கினால் பரப்பு 9 ஆகச் சுருங்கும். மண்ணில் புதையும், சரளையில் துள்ளும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது அகலம். 40 முதல் 50 மில்லிமீட்டர் அகல டயரில் ரிம் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால், 3 கிலோ, அதாவது சுமார் 43 பி.எஸ்.ஐ. காற்றிலும் ட்யூப் எளிதில் நசுங்காது.

கட்டை கட்டையாகத் துருத்தியிருக்கும் டயரைப் பார்த்தால் உறுதியாகத் தோன்றும். தார்ச் சாலையில் அந்தக் கட்டைகள் நெளிந்து வேகத்தைத் தின்னும். வழவழப்பான டயர் ஈரத் தாரில் மிதந்துவிடும் என்ற பயமும் சைக்கிளுக்குப் பொருந்தாது. அப்படி மிதக்கும் வேகத்தில் நாம் ஓட்டுவதில்லை. நடுவில் தொடர்ச்சியான வழவழப்பு, ஓரங்களில் கட்டைகள் உள்ள டயரே இரண்டு தரைக்கும் ஏற்றது.

ட்யூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் பசைக் கரைசல்களில் பலவும் ரப்பர் பாலால் ஆனவை, கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுக்கிறார்களே, அந்தப் பால். பட்டை கிழிந்தால் பால் வடிந்து உறைந்து காயத்தை மூடுவது மரத்தின் தற்காப்பு. டயரில் முள் ஏறியதும் காற்றோடு பீறிடும் பால் அதே போல உறைந்து ஓட்டையை அடைக்கிறது. ஹைதராபாத் வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது ஊற்ற வேண்டும்.

வாங்கப் போகும்போது பழைய டயரின் பக்கவாட்டில் 47-622 போன்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி-க்கும் 29 அங்குலத்துக்கும் விட்டம் ஒன்றே, 622. நம் ஊர்ப் பழைய 28 × 1½ சைக்கிளுக்கோ 635. கடையில் இரண்டையுமே இருபத்தெட்டு என்பார்கள். ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் பொருந்தாது.