மறதி நோயும் நானோத் துகள்களும்

முதுமையில் மறதி இயல்பே என்று பலரும் கருதிவிடுவதால், அல்சைமர் நோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே மருத்துவரின் கவனத்திற்கு வருகிறது. ஒருவர் பெயரை மறந்து, சற்று நேரங்கழித்து நினைவுகூர்வது மூப்பின் தன்மை. பல்லாண்டு பழகிய தெருவில் வீட்டிற்கு வழி தெரியாது நிற்பது அவ்வாறன்று. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் நினைவும் அறிவும் குன்றும் நோய்களுக்கு ஆளாகியுள்ளனர் என்பது 2023இல் வெளியான மதிப்பீடு.

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், மறதியால் வருந்தி இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்டவற்றை அறிவித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்குண்ட இழைகளும் இருந்தன. படிவு அமிலாய்டு பீட்டா என்னும் புரதம்; இழை டௌ என்னும் புரதம். மறதி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே படிவு தொடங்கிவிடுகிறது. ஆதலின் புரதத்தை முன்கூட்டிக் காண்பதே முதற் சிக்கல்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இவ்வளவில் பொருள்களின் குணம் மாறுகிறது. பதினைந்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் நீரில் செந்நிறம் காட்டும். ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டால் நீலமாகும். துகளின் மேல் குறிப்பிட்ட புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைப் பொருத்திவிட்டால், அத்துகளே புரதத்தைத் தேடிக் காட்டும் கருவியாகிறது. 2005இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் காந்தத் துகளையும் தங்கத் துகளையும் இணைத்து, தண்டுவட நீரில் மிக அருகியிருந்த அமிலாய்டுத் திரள்களைக் கண்டறிந்தனர். வேறொரு முறையில் அமைந்த குருதிப் பரிசோதனை 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ளது. அத்தகைய சோதனையைச் சிற்றூர் மருத்துவ நிலையத்திற்கும் எட்டச் செய்ய நானோத் துகள்கள் உதவக்கூடும்.

சிகிச்சை இதனினும் கடினம். மூளையின் குருதிக் குழாய்ச் சுவரில் அணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று, நச்சையும் மருந்தையும் ஒருசேரத் தடுக்கின்றன. எனினும் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தை ஏற்கும் வாயில்கள் அங்கு உண்டு. அவ்வாயிலுக்குரிய அடையாளத்தை மேலே பூசிய துகள், மருந்தை உள்ளே கடத்தலாம் என்பதே ஆராய்ச்சியாளரின் எண்ணம். லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், மஞ்சளின் குர்குமினை உடலில் கரைந்துபோகும் நானோத் துகள்களில் அடைத்து எலிகளுக்கு அளித்தபோது, அவற்றின் நினைவாற்றல் மேம்பட்டதை 2014இல் வெளியிட்டனர்.

ஆயினும் எலிகள் மனிதரல்லர். துகள்களில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது. உலோகத் துகள்கள் எளிதில் வெளியேறுவதுமில்லை. அல்சைமர் நோய்க்கு நானோத் துகள் மருந்து மருத்துவர் வழங்கும் நிலையை இன்னும் எட்டவில்லை. ‘நானோ மஞ்சள்’ என்று கடையில் விற்கப்படும் பொட்டலத்தை நம்பிக் காலங்கடத்துவது தகாது. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். இவை குணப்படுத்தத் தக்கவை; மருத்துவர் முதலில் சோதித்தறிய வேண்டியவையும் இவையே.