கல்லில் பிரிந்த நிறங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பழைய வீடுகளின் பூஜை அறைகளில் தாமரைமேல் நிற்கும் லட்சுமியும் வீணை ஏந்திய சரஸ்வதியும் இன்றும் உண்டு. ரவிவர்மாவின் ஓவியங்களிலிருந்து கிளைத்த அச்சுப் படங்கள் அவை. நகல்தானே என்று ஒதுக்குகிறோம். அந்தக் கல் அச்சுக்குப் பின்னால் இன்னொரு கலைஞர் இருந்தார்; அவரை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

1790களின் இறுதியில் மியூனிக்கில் செனஃபெல்டர் கண்டறிந்த கல் அச்சு, எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற உண்மையில் நிற்கிறது. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, வேலம்பிசினும் சிறிது அமிலமும் பூசி, கல்லை ஈரமாக்கி உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். வண்ணப் படமென்றால் நிறத்துக்கு ஒரு கல். கல்லில் வரைபவர் ஓவியத்தை மனத்துக்குள்ளேயே மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிரிக்க வேண்டும். இடவலம் மாற்றி வரைய வேண்டும். எந்த நிறத்துக்கான கல்லானாலும் அவர் கையில் இருப்பது கறுப்பு மைதான். லட்சுமியின் கன்னத்தில் மஞ்சளுக்குமேல் சிவப்புப் புள்ளிகள் எவ்வளவு நெருங்கினால் உயிர் வரும் என்பதை மூல ஓவியம் அவருக்குச் சொல்லாது. அதை அவர்தான் முடிவு செய்கிறார். பிறகு ஒவ்வொரு கல்லிலும் தாள் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் படிய வேண்டும். காற்றின் ஈரத்தில் தாள் சற்று நீண்டாலும் உதடு ஓரிடம், அதன் சிவப்பு வேறிடம். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மா ஜெர்மானியத் தொழில்நுட்பர்களை வரவழைத்ததற்குக் காரணம் இந்த நுணுக்கம்தான்.

விற்பனைக்காக ஆயிரக்கணக்கில் அடித்தது எப்படிக் கலையாகும் என்று கேட்பார்கள். எண்ணிக்கை பெருகியதால் கல்லில் எடுத்த முடிவுகளின் நுட்பம் குறைந்துவிடாது. ஒரே முகம் எல்லா ஊருக்கும் பரவி, உள்ளூர் வடிவங்கள் மங்கின என்ற குறை இன்னும் கனமானது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதே அச்சு வழியில்தான் பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடெங்கும் போயின. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவரும் காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்ட முடிந்த சாமி அது. விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதியினர் வழிபடுவது தகராறாகி, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டதை நினைத்தால், அந்தத் தாளின் மதிப்பு பழங்கதை அல்ல என்பது விளங்கும்.

இந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் ரவிவர்மா பெயரோடு நிறுத்தக் கூடாது. எந்த அச்சகம், எத்தனை கற்கள் என்பதையாவது படத்தின் கீழே எழுத வேண்டும். கல்லில் வரைந்தவர் பெயர் கிடைத்தால் அதையும்.