துப்பாக்கியில் ஒரு சிம்மாசனம்!

துப்பாக்கி எதற்குப் பயன்படும்? சுடத்தானே என்பீர்கள். அதில் நாற்காலியே செய்திருக்கிறார் ஒருவர், குட்டீஸ்!

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில், 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போர் ஓய்ந்த பின்னும் ஏராளமான துப்பாக்கிகள் மக்களிடமே இருந்தன. சிலர் மண்ணில் புதைத்து வைத்திருந்தனர். அவற்றை எப்படித் திரும்பப் பெறுவது?

டினிஸ் செங்குலானே என்ற பிஷப், 1995ல் ஒரு திட்டம் தொடங்கினார். துப்பாக்கியைக் கொடுத்தால் தையல் மெஷின், சைக்கிள், மண்வெட்டி போன்றவை கிடைக்கும்! மக்களும் ஆயுதங்களைக் கொண்டு வந்து கொடுத்தனர். இனி சுடவே முடியாதபடி அவற்றை அறுத்து, துண்டுகளைக் கலைஞர்களிடம் தந்தனர்.

அவர்களில் ஒருவர் கெஸ்டர். அவரது உறவினர்கள் இருவர் போரில் கால்களை இழந்தவர்கள். அந்தத் துண்டுகளை வெல்டிங் வைத்து, 2001ல் அவர் உருவாக்கியதுதான், 'ஆயுத சிம்மாசனம்.' லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் இதை வாங்கியது.

சிம்மாசனம் பதவியின் அடையாளம். பதவிக்கான சண்டையில் எத்தனை உயிர்கள் போயின என்று கேட்காமல் கேட்கிறது இது. இன்னொரு விஷயம்... இதிலுள்ள துப்பாக்கிகளில் ஒன்றுகூட மொசாம்பிக்கில் செய்ததல்ல. எல்லாம் வெளிநாட்டுத் தயாரிப்பு. செய்தவர்கள் எங்கோ, செத்தவர்கள் இங்கே!