ஒரு கழித்தல் கணக்கும் ஆறு ஆசிரியர்களும்

நல்ல ஆசிரியர் ஒருவர் முப்பது ஆண்டு பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெறும்போது, பள்ளியை விட்டு எவ்வளவோ விஷயங்கள் அவரோடு சேர்ந்தே போய்விடுகின்றன. பின்னத்தைக் கண்டு மிரளும் பிள்ளையிடம் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது, 'ர', 'ற' வேறுபாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் எந்தச் சொற்களைக் கொடுப்பது, எந்த உதாரணம் சொன்னால் வகுப்பு தவறாகப் புரிந்துகொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாடப்புத்தகத்திலோ ஆசிரியர் கையேட்டிலோ இவை இருக்காது. பக்கத்து வகுப்பறையில் அதே முப்பது ஆண்டும் பாடம் நடத்தியவருக்குக்கூட இவற்றில் பாதி தெரிந்திருக்காது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ஆசிரியர் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தனிமையைத்தான் விரிவாக ஆராய்ந்தார்.

ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எதுவுமே சொல்லிக்கொள்வதில்லை என்பதல்ல. மதிய உணவு வேளையில் பேசுகிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் படங்களும் வீடியோக்களும் வருகின்றன. வண்ண அட்டை, எண் விளையாட்டு, பாட்டு, துணைக்கருவி என்று எல்லாமே பயனுள்ளவை. ஆனால் ஒரு செயல்பாட்டின் படம் மட்டும் வந்து சேரும்போது, அதை உருவாக்கக் காரணமாக இருந்த சிந்தனை வருவதில்லை. எந்தப் பிள்ளையின் எந்தத் தடுமாற்றத்துக்காக அது செய்யப்பட்டது, செய்தபோது பிள்ளைகள் என்ன சொன்னார்கள், எங்கே சறுக்கியது என்ற விவரங்கள் விடுபட்டுப்போகின்றன. அவை இல்லாமல் அந்த அட்டையை அடுத்த வகுப்பில் மாட்டினால் சுவருக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்த விவரங்களையும் சேர்த்துப் பகிர்வதற்கு ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு நடைமுறையை வளர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே அதன் பெயர் 'ஜுக்யோ கென்க்யூ'. தமிழில் 'பாட ஆய்வு' எனலாம்.

எங்கிருந்து வந்தது?

1872-இல் ஜப்பானின் மெய்ஜி அரசு நாடு முழுவதற்குமான கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றும் தொடங்கப்பட்டது. அதுவரை பெரும்பாலும் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொடுத்து வந்த நாட்டில், ஒரு வகுப்பு முழுவதையும் சேர்த்து உட்காரவைத்து, கரும்பலகையில் எழுதி நடத்துவது புதிய முறை. புதிய முறையைப் புத்தகம் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்த்து, பிறகு எல்லோரும் கூடி அந்தப் பாடத்தை அலசும் வழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. பிறகு வந்த தலைமுறைகள் அதைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டே வந்தன.

வெளியுலகம் இதைக் கவனித்தது வெகு பின்னால்தான். 1995-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் ஒரு பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 231 எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோவில் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் இருவரும் 1999-இல் ஒரு நூல் எழுதினார்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் உள்ள திறமை வேறுபாட்டைவிட, நாட்டுக்கு நாடு கற்பிக்கும் முறையில் உள்ள வேறுபாடே பெரிது என்பது அவர்கள் வாதம். கற்பித்தலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்திக்கொண்டே போக ஜப்பானில் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லி, பாட ஆய்வை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார்கள். அதன்பின் அமெரிக்கா, சிங்கப்பூர், இந்தோனேசியா, ஜாம்பியா என்று பல நாடுகளில் ஆசிரியர்கள் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது?

முதலில், ஐந்தாறு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அது. அடுத்து, அந்தப் பாடத்தைப் பற்றித் தேடிப் படிக்கிறார்கள். வெவ்வேறு பாடப்புத்தகங்கள் அதை எப்படித் தொடங்குகின்றன, முந்தைய வகுப்பில் பிள்ளைகள் என்ன படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். பிறகு ஒரே ஒரு பாடவேளைக்கான திட்டத்தைச் சேர்ந்து எழுதுகிறார்கள்.

நம் பாடக்குறிப்பில் ஆசிரியர் என்ன செய்வார் என்பது இருக்கும். அவர்கள் திட்டத்தில் அதற்குச் சமமான இடம் இன்னொன்றுக்கும் உண்டு: இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும்? சரியான பதில்கள், தவறான பதில்கள், பாதி சரியானவை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே ஊகித்து எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் என்ன செய்வார் என்பதும் அதில் உண்டு.

குறித்த நாளில் ஒருவர் அந்தப் பாடத்தைத் தன் வகுப்பில் நடத்துகிறார். மற்றவர்கள் அந்த வகுப்பறையிலேயே நின்று பார்க்கிறார்கள். அவர்கள் கண் ஆசிரியர் மேல் இல்லை, பிள்ளைகளின் நோட்டின் மேல் இருக்கிறது. யார் எப்போது எழுதத் தொடங்கினார், எதை அழித்தார், பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கேட்டார் என்று குறித்துக்கொள்கிறார்கள். இடையில் புகுந்து பிள்ளைக்கு உதவுவதில்லை. அன்றே கூடிப் பேசுகிறார்கள். தேவைப்பட்டால் திட்டத்தைத் திருத்தி, இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்துகிறார். கடைசியில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள்.

13-இல் 9 போனால்

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஜப்பானில் பத்தைத் தாண்டிய எண்ணிலிருந்து கழிப்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆறு ஆசிரியர்கள் கூடி இந்தப் பாடத்தைத் திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, எந்தக் கணக்கோடு தொடங்குவது? 13−9 என்று தொடங்குவதா, 12−3 என்று தொடங்குவதா?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளைக்கு அப்படியல்ல. 12−3 என்றால், பிள்ளை முதலில் 2-ஐ எடுத்துவிட்டு 10-க்கு வரும். மீதி 1-ஐயும் எடுத்தால் 9. 13−9 என்றால், 9 என்பது 10-க்கு வெகு அருகில் இருப்பதால் பத்திலிருந்து 9-ஐ நேராக எடுத்துவிடத் தோன்றும். மீதி 1, அதோடு 3 சேர்ந்தால் 4. எண்ணை மாற்றினால் பிள்ளையின் சிந்தனை போகும் பாதையே மாறுகிறது. பத்தை உடைத்துக் கழிப்பதை இன்று கற்பிக்க வேண்டுமென்றால் 13−9 பொருத்தம். ஒரு பிள்ளை 13, 12, 11 என்று விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தால், 9 முறை எண்ணுவது சிரமம் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். வேறு வழி தேடத் தோன்றும்.

அடுத்து, 'மீதி எத்தனை?' என்று மட்டும் கேட்பதா, 'எப்படிக் கண்டுபிடித்தாய், படம் வரைந்து காட்டு' என்று கேட்பதா? முதல் கேள்விக்கு எல்லோரும் 4 என்று சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது கேள்விதான் பிள்ளைகளின் வழிகளை வெளியே கொண்டுவரும். பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்து, யாருடைய வழியை முதலில் பலகைக்கு அழைப்பது என்று முடிவு செய்கிறார். பின்னோக்கி எண்ணிய பிள்ளை முதலில், பத்தை உடைத்த பிள்ளை அடுத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பே ஒப்பிட்டுப் பேசுகிறது. பாடம் முடியும்வரை பலகையில் எதையும் அழிப்பதில்லை. மணியடிக்கும்போது, எந்த யோசனையிலிருந்து எந்த யோசனை பிறந்தது என்பது முழுதாகப் பலகையில் இருக்கும்.

கடன் வாங்கிக் கழித்தல் நம் வகுப்புகளிலும் பிள்ளைகள் தடுமாறும் இடம்தான். 43−19 என்று கொடுத்தால், 3-இலிருந்து 9 போகாது என்று எண்ணி, 9-இலிருந்து 3-ஐக் கழித்து 36 என்று எழுதும் பிள்ளையை எல்லாத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது: பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று பிள்ளைக்கு எப்போதோ சொல்லப்பட்டிருக்கிறது. யார் சொன்னது, எந்த வகுப்பில், எந்தக் கணக்கின்போது என்று இரண்டாம் வகுப்பு ஆசிரியரும் மூன்றாம் வகுப்பு ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால்தான் இது வெளியே வரும்.

குறை சொல்லாமல் பேசுவது

இதில் மிக நுட்பமான கட்டம், பாடத்துக்குப் பிறகு நடக்கும் கலந்துரையாடல். அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. முதலில் பேசுபவர் பாடம் நடத்தியவர்: எதை எதிர்பார்த்தார், எது வேறுமாதிரி நடந்தது என்று சொல்கிறார். அதன்பின் மற்றவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். 'நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள்' என்று சொல்வதில்லை. 'ஜன்னலோரம் இருந்த பிள்ளை படம் வரைந்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது' என்று சொல்கிறார்கள். திட்டம் எல்லோரும் சேர்ந்து எழுதியது. ஆகவே குறை இருந்தால் அது எல்லோருடைய குறை. பாடத்தில் ஆழ்ந்த அனுபவம் உள்ள வெளியாள் ஒருவரை அழைத்து, கடைசியில் அவர் கருத்தையும் கேட்பது உண்டு.

நம் ஆசிரியர்களுக்கு வகுப்பில் இன்னொருவர் வந்து நின்றாலே அது ஆய்வு, மதிப்பெண், அறிக்கை என்றுதான் பழக்கம். அந்தப் பயம் நியாயமானது. பாட ஆய்வு நடக்கும் அறையில் பதவி உயர்வுக்கோ குறிப்பாணைக்கோ இடமிருக்கக் கூடாது. மேலதிகாரி வந்தாலும் சக ஆசிரியராக வர வேண்டும். இந்த உறுதி இல்லாத இடத்தில் யாரும் தன் பிள்ளைகள் தடுமாறும் பாடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நன்றாக ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார்கள்.

நம் ஊரில் எங்கே தொடங்குவது?

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது உருவான வட்டார வள மையமும் குறுவள மையமும் இன்றும் இயங்குகின்றன. அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் குறுவள மையக் கூட்டத்தில் சந்திக்கிறார்கள். மேலிருந்து வரும் பயிற்சியைக் கேட்டுக்கொள்வதோடு, அந்த நாளில் ஒரு மணி நேரத்தை ஒரே ஒரு பாடத்துக்கு ஒதுக்கினால் போதும்.

வேறொரு பள்ளியில் வளர்ந்த முறையிலிருந்து கற்றுக்கொள்வதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆந்திராவில் உள்ள ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே படிக்கும் முறைதான் அதற்கு முன்மாதிரி. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

ஈராசிரியர் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா? நடக்கும். இருவர் போதும். ஒருவர் தன் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, இருபது நிமிடம் அடுத்த வகுப்பில் நின்று மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்தாலே பேசுவதற்கு நிறைய கிடைக்கும். அதற்கும் நேரமில்லையென்றால், வகுப்பின் நோட்டுகளை எடுத்துவந்து இருவரும் சேர்ந்து தவறான விடைகளை மட்டும் படித்துப் பார்க்கலாம்.

பகிரும்போது ஐந்து விஷயங்களை எழுதினால், அது அடுத்தவருக்குப் பயன்படும். எந்த வகுப்பு, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? அவர்கள் எங்கே தடுமாறினார்கள்? நான் கேட்ட கேள்வி என்ன, அதே வார்த்தைகளில்? பிள்ளைகள் சொன்ன மூன்று வெவ்வேறு பதில்கள் என்ன? அடுத்த முறை நடத்தினால் எதை மாற்றுவேன்? ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தோடு இந்த ஐந்தும் சேர்ந்து போனால், பெறுபவர் தன் பிள்ளைகளுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ள முடியும்.

புதிய திட்டங்கள் வரும், போகும். பாடப்புத்தகங்கள் மாறும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் இப்படித்தான் யோசிப்பார்கள் என்ற அறிவு வகுப்பறைக்குள் இருக்கும் ஆசிரியரிடம்தான் சேர்கிறது. எந்த அலுவலகத்தாலும் அதைச் சேர்க்க முடியாது. அதை எழுதி, பேசி, சோதித்து, அடுத்தவரிடம் ஒப்படைப்பதை ஆசிரியர் பணியின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். அதற்கான நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கிக்கொடுப்பது தலைமையாசிரியர்களும் கல்வித் துறையும் செய்ய வேண்டிய வேலை.