இந்தியன் ஓபன் கோல்ஃப்: பை தூக்கியவங்க கோப்பை தூக்கிய கதை தெரியுமா?

கோல்ஃப்னாலே பணக்காரங்க விளையாட்டுதானே? இந்தியன் ஓபன் வரலாறு வேற கதை சொல்லுது.

எப்போது தொடங்கியது?

1964-ல் டெல்லி கோல்ஃப் கிளப்பில். முதல் சாம்பியன், ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். மறு ஆண்டே இந்திய அமெச்சூர் வீரர் பி.ஜி.சேத்தி வென்றார். அதன்பின் 26 ஆண்டுகள் எந்த இந்தியருக்கும் கோப்பை இல்லை.

எப்படி விளையாடுவாங்க?

4 நாள், தினமும் 18 குழி. மொத்தம் குறைவான அடிகளில் முடிப்பவரே வின்னர்.

யார் அந்த 'கேடி'?

வீரர்களின் பையைச் சுமக்கும் உதவியாளர்தான் கேடி. டெல்லி கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-ல் அதே மைதானத்தில் பட்டம் வென்றார். இதை வென்ற முதல் இந்திய தொழில்முறை வீரர் இவர்தான். 1993-லும் ஜெயித்தார்.

பெங்களூருவில் கேடியாக இருந்த சி.முனியப்பா, 2009-ல் பிளே-ஆஃபில் வென்றார்.

கொல்கத்தா மைதானப் பராமரிப்பாளரின் மகன் எஸ்.எஸ்.பி.சவுராசியா, 2015-ல் பிளே-ஆஃபில் அனிர்பன் லாஹிரியிடம் தோற்றார். விடவில்லை. 2016, 2017 என அடுத்தடுத்து கோப்பையைத் தட்டினார்.

மெம்பராகக் காசு இல்லாதவங்கதான் அந்தப் புல்வெளியில் சாம்பியன் ஆனாங்க!