பஞ்சர் ஒட்டினால் போதுமா? முள்ளை எடுத்தீர்களா?

அதிகாலை 5 மணி. தாராவி 90 அடி ரோட்டில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஆனால் சந்துகளுக்குள் விளக்கு எரிகிறது. அடுப்பு எரிகிறது. இட்லி வெந்து ஆவி பறக்க இறங்குகிறது. சட்னி ஒரு தூக்கில், சாம்பார் ஒரு தூக்கில், இட்லி பெரிய அலுமினியப் பாத்திரத்தில். எல்லாவற்றையும் சைக்கிளின் பின் கேரியரில் வைத்து, பழைய டியூப்பை வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பிறகு, "பாம்... பாம்..." என்று ரப்பர் ஹாரன் ஒலிக்க, நம்மவர்கள் நகரத்தின் நாலு திசைக்கும் புறப்படுகிறார்கள்.

மும்பையில் இந்த ஹாரன் சத்தத்தைக் கேட்காத தெரு குறைவு. ஆனால் அந்தச் சைக்கிளின் பின் சக்கரத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அந்தச் சக்கரத்தில்தான் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் ஓடுகிறது.

ஒரே மாதத்தில் 7 பஞ்சர்

எங்கள் சந்தில் ஓர் இட்லி வியாபாரி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 50 வயதைத் தாண்டியவர். சந்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். மாகிம், தாதர் பக்கம் அவருக்கு வாடிக்கை. காலை 7 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இரவுக் காவல் முடிந்து போகும் வாட்ச்மேன்கள், கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், கடை திறக்க வரும் பையன்கள் எல்லாம் அவருக்காகக் காத்திருப்பார்கள். 8 மணி ஆகிவிட்டால் அவர்கள் எதிர்க்கடை வடா பாவைத் தின்றுவிட்டுப் போய் விடுவார்கள். மிஞ்சிய இட்லியை மறுநாள் விற்க முடியுமா? முடியாது!

ஒரு மழைக்காலத்தில், ஒரே மாதத்தில், அண்ணாச்சியின் பின் சக்கரம் 7 முறை பஞ்சர் ஆயிற்று. ஐந்தாவது தடவை நடந்ததுதான் கொடுமை. கொட்டும் மழை. ஒரு கடையும் திறக்கவில்லை. பாரத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தாதர் வரை நடந்தார். போய்ச் சேர்ந்தபோது ஆள் இல்லை. பாதிக்கு மேல் இட்லி அப்படியே திரும்பி வந்தது. அரிசிக் கடைக்குச் சொன்ன தவணை தவறிப்போயிற்று.

"தம்பி, எனக்கு நேரம் சரியில்ல. தொழில விட்டுட்டு எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போயிரலாம்னு பாக்கேன்" என்றார் என்னிடம்.

ஹாண்டில் பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. திருஷ்டி கழித்தாயிற்று. சனிக்கிழமை விளக்கும் போட்டாயிற்று. பஞ்சர் ஒட்டுகிறவர்களே ரோட்டில் ஆணி போடுகிறார்களோ என்ற சந்தேகமும் அவருக்கு வந்துவிட்டது.

காரணம் என்ன என்ற கட்டம்

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. ஒரு வண்டி தாமதமானால், எத்தனை நிமிடம் என்று எழுதினால் மட்டும் போதாது. 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அனுப்பினால் காகிதம் திரும்பி வந்துவிடும். அண்ணாச்சியிடம் நான் கேட்டதும் அதைத்தான். "7 பஞ்சருக்கும் காரணம் என்னன்னு ஒட்டினவங்க சொன்னாங்களா, அண்ணாச்சி?"

"ஓட்டை விழுந்திருக்குன்னாங்க. ஒட்டிக் குடுத்தாங்க. வேற என்ன சொல்லுவாங்க?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எங்கள் பகுதியில் எல்லோரும் சாச்சா என்று கூப்பிடும் ஒரு கிழவரிடம் போனோம். உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்தவர். நடைபாதையில் ஒரு மரப்பெட்டி, ஒரு பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் அவருடைய கடை. அண்ணாச்சி கதை முழுவதையும் சொல்லி முடித்தார். சாச்சா சிரித்துக்கொண்டே ஒரே வாக்கியம் சொன்னார்: "பெஹ்லே காண்டா நிகாலோ, பஞ்சர் பாத் மே." முதலில் முள்ளை எடு, பஞ்சரை அப்புறம் பார்க்கலாம்!

டியூப்பே சாட்சி சொல்லியது

சாச்சா டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் கழற்றினார். டியூப்பை உருவுவதற்கு முன்பே, காற்றடிக்கும் வாய்க்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பிறகு டியூப்பை எடுத்து, கோட்டுக்கு நேராக அந்த வாயை வைத்து, டயரின் மேல் பக்கவாட்டில் படுக்க வைத்தார். 7 ஒட்டுகளும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அதில் 4 ஒட்டுகள் ஒரே ஜாண் இடத்துக்குள் நெருங்கி உட்கார்ந்திருந்தன!

அந்த ஜாண் இடத்துக்கு நேராக டயரின் உட்புறத்தை ஒரு பழைய பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தார். துணியின் நூல் ஓரிடத்தில் மாட்டி இழுபட்டது. டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக வளைத்துக் குறடால் பிடித்து இழுத்தார். தலைமுடி கனத்தில் ஒரு எஃகுக் கம்பித் துண்டு வந்தது. நகத்தில் பாதி நீளம்கூட இல்லை.

இது எங்கிருந்து வருகிறது? லாரி, கார் டயர்களின் ரப்பருக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பின்னி வைத்திருக்கிறார்கள். டயர் தேய்ந்து கிழியும்போது அந்தக் கம்பி பொடிப்பொடியாக ரோட்டில் சிந்துகிறது. சைக்கிள் டயரில் ஏறிவிட்டால் வெளியே தெரியாது. சக்கரத்தைக் கையில் சுற்றிப் பார்த்தாலும் தெரியாது. பாரம் ஏறி டயர் அமுங்கும்போது மட்டும் அதன் முனை உள்ளே எட்டிப் பார்த்து டியூப்பைக் குத்தும். ஒட்டிவிட்டு மறுபடி மாட்டினால் டியூப் அரை அங்குலம் நகர்ந்து உட்காரும். அதே கம்பி புது இடத்தில் குத்தும். 4 பஞ்சருக்கு ஒரே குற்றவாளி! தாராவியில் பழைய டின்களை வெட்டி நிமிர்த்தும் பட்டறைகளும் பல உண்டு. அங்கே சிந்தும் தகரச் சீவலும் இதே வேலையைச் செய்யும்.

மீதி மூன்று?

2 ஒட்டுகள் டியூப்பின் உள்வட்டத்தில், அதாவது ரிம் பக்கம் இருந்தன. ரோட்டில் கிடக்கும் முள் அந்தப் பக்கம் குத்த முடியாது. சாச்சா ரிம்மைக் காட்டினார். ஸ்போக் கம்பிகளின் முனையை மூடியிருக்கும் ரிம் டேப் இற்றுப்போய் ஒதுங்கிக் கிடந்தது. மழைத் தண்ணீர் இறங்கி ரிம் துருப்பிடித்து, துருவே செதில் செதிலாகக் கத்தி போல நின்றது. ஒரு ஸ்போக் முனையும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அரத்தால் ராவி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, புது ரிம் டேப் போட்டார்.

கடைசி ஒட்டுக்கு அடியில் பாம்பு கடித்த தடம் போல இரண்டு சிறு வெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இது முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை. காற்று குறைவாக இருந்த சக்கரம் பாரத்தோடு பள்ளத்தில் விழுந்திருக்கிறது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. "கல்லிலே ஏறும்போது டங் என்று சத்தம் கேட்டதா?" என்றார் சாச்சா. அண்ணாச்சி தலையை ஆட்டினார். பாத்திரம், சாம்பார், சட்னி எல்லாம் சேர்ந்து 30 கிலோவுக்குக் குறையாத பாரம். அத்தனையும் பின் சக்கரத்தின் தலையில்!

ஆக, 4 கம்பியால், 2 ரிம்மால், 1 காற்றுக் குறைவால். திருஷ்டியால் ஒன்றுகூட இல்லை.

ஒட்டுவதிலும் முறை உண்டு

சைக்கிளில் வேலைக்குப் போகும் வாசகர்களுக்காக, சாச்சாவிடம் அன்று கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சக்கரம் இரவில் காற்றிறங்கிக் காலையில் மட்டும் தட்டையாக இருந்தால் உடனே டயரைக் கழற்ற வேண்டாம். காற்றடிக்கும் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் குற்றம் அங்கேதான். உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் வால் டியூப் கிழிந்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

ஓட்டையைத் தண்ணீரில் முக்கிக் கண்டுபிடித்ததும் அடையாளம் செய்து, டியூப்பை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தில் ஒட்டு பிடிக்காது. மழைக்காலத்தில் ஒட்டு பெயர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷனை மெல்லிசாகத் தடவி, சில நிமிடம் காயவிட வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரச் சொலூஷன் மேல் ஒட்டினால் இரண்டு நாளில் வாயைத் திறந்துவிடும்.

ஒட்டி முடித்ததும் உடனே மாட்டாதீர்கள். டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு சுற்று துணியால் துடையுங்கள். வெறும் விரலை வேகமாக ஓட்டினால் கண்ணாடித் துண்டு விரலைக் கிழித்துவிடும். ஒரு கண்ணாடி எடுத்தோம், முடிந்தது என்று விட்டுவிடவும் கூடாது. இன்னொன்று பக்கத்திலேயே இருக்கும்.

வாரம் ஒரு தடவை காற்று அடியுங்கள். ஓட்டை இல்லாத டியூப்பிலும் காற்று தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எத்தனை பவுண்டு காற்று வேண்டும் என்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். காற்று குறைந்த டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். அப்போது டியூப்பும் இழுபட்டு, காற்றடிக்கும் வாய் அடியோடு கிழியும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டு கிடையாது, புது டியூப்தான்.

டயரின் நடுவில் பூ தேய்ந்து உள்நூல் தெரிந்தால், அந்த டயரை விட்டுவிடுங்கள். அதற்குள் எத்தனை புது டியூப் போட்டாலும் வீண். மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை. நனைந்த ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டும். வெள்ளம் அடித்து வரும் ஆணியும் சில்லும் ரோட்டோரத்தில்தான் ஒதுங்கும்.

காற்றோடு பிறந்த தொல்லை

இந்தத் தொல்லை இன்று வந்ததல்ல. பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயர் செய்து, 1888-ல் அதற்கு உரிமை பெற்றார். அந்த நாளில் டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஒரு பஞ்சர் பார்க்க மணிக்கணக்கில் ஆகும். பிரான்ஸில் மிஷலின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில், அந்த டயரைப் போட்டு ஓட்டிய சார்லஸ் டெரோன் முதலாவதாக வந்தார். டயரைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்ற வசதி அன்றுதான் வந்தது. அதைப் பயன்படுத்தாமல் டியூப்பை மட்டும் உருவி ஒட்டி அனுப்பினால் தொல்லை தீராது.

தீப்பெட்டியில் ஒரு சாட்சி

அன்று சாச்சா கேட்ட கூலி மூன்று பஞ்சர் கூலிகூட இல்லை. அண்ணாச்சி வாட்ச்மேன் வேலைக்குப் போகவில்லை. அரிசிக் கடைப் பாக்கி தீபாவளிக்கு முன்பே தீர்ந்தது.

அதற்கப்புறம் 4 மாதம் அவர் சக்கரத்தில் காற்று இறங்கவில்லை. ஐந்தாவது மாதம் ஒருநாள் மதியம் என்னைத் தேடி வந்தார். பஞ்சராம். ஆனால் முகத்தில் வருத்தமே இல்லை. மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு சின்னச் செருப்பு ஆணி.

"மாகிம் பஸ் ஸ்டாப்புக்கிட்ட ஏறிட்டு, தம்பி. நானே தொடச்சிப் பாத்து எடுத்துட்டேன். காரணம் இதுதான், எழுதிக்கிடுங்க" என்றார்.

சைக்கிளை நம்பிப் பிழைக்கும் நம்மவர்கள், அடுத்த தடவை சக்கரம் இறங்கினால், ஒட்டுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குத்தியது எது? அதை எடுத்துக் காட்டுங்கள்." அதைக் கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.